பாலவனத்தம் மொட்டைக் கார்

பாலவனத்தம் என்று சொன்னால் தமிழ் படித்தவர்களுக்கு உடனே பாண்டித்துரைத் தேவர் ஞாபகம்தான் வரும். 1901ஆம் வருஷம் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர், எங்கள் ஊர் ஜமீன்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்தவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் கண்ணில் படாத கரிசல் காட்டிலிருந்து ஒருவர் கப்பல் கம்பெனிக்குத் தலைவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம், அதன் பிறகு விருதுநகர் மாவட்டம். கம்பு, சோளம், பருத்தி, கொத்தமல்லி எல்லாம் மானாவாரிதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டிக் கண்மாய் பெருகினால் கொஞ்சம் நெல்லும் உண்டு. மழை ஏமாற்றினால் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்க வேண்டியதுதான். "வெயிலைத் தவிர உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்கிற பட்டணத்து உறவினர்களிடம் நான் சளைக்காமல் சொல்கிற பதில் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஒரு மொட்டைக் கார் இருக்கிறது!

மொட்டைக் கார் என்றால் தலையில் கூரை இல்லாத கார். பழைய சினிமாவில் கதாநாயகியின் கூந்தல் பறக்க, கதாநாயகர் பாடிக்கொண்டே ஓட்டிப் போவாரே, அந்த ஜாதி. ஆனால் எங்களுடையது பிறக்கும்போது மொட்டையாகப் பிறக்கவில்லை. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

மெட்ராஸில் பிறந்த கார்

இதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று 1959ல் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் மிச்செலாட்டி என்ற இத்தாலிக்காரர். 1961லிருந்து நம் மெட்ராஸிலேயே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் செய்தார்கள். அம்பாஸிடர் கல்கத்தாவிலிருந்தும் ஃபியட் பம்பாயிலிருந்தும் வந்த காலத்தில், நம்ம ஊர் என்று சொல்லிக்கொள்ள இருந்த கார் இது. எங்களுடையது 1966ஆம் வருஷத்து வண்டி, இரண்டு கதவு, 948 சி.சி. எஞ்சின்.

விருதுநகரில் ஒரு பருத்தி அரவை மில்லில் டிரைவராக இருந்தார் என் மாமனார். 1979ல் மதுரையில் மூன்றாம் கையாக இந்தக் காரை வாங்கினார். "அம்பாஸிடர் வாங்கக் காசில்லையா?" என்று ஊரில் கேலி செய்தார்களாம். மாமா சிரித்துவிட்டு, தெருவில் 25 அடி அகலத்துக்குள் வண்டியை ஒரே வட்டமாகத் திருப்பிக் காட்டுவாராம். அது வாஸ்தவம். ஹெரால்டு திரும்புகிற மாதிரி வேறு கார் திரும்பாது. எங்கள் ஊர்ச் சந்துகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பக்கம் முழுவதும், சக்கரத்தின் மேல்தகடு உட்பட, ஒரேயடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். "முதலை வாயைப் பிளந்தாப்ல" என்பார் மாமா.

இன்னொரு விசேஷமும் இதற்கு உண்டு. அடியில் இரும்புச் சட்டம் தனி, அதன் மேல் உடம்பு தனி. உடம்பும் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியது. கூரையும் அப்படித்தான். இங்கிலாந்தில் முழு உடம்பையும் ஒரே வார்ப்பாகச் செய்து கொடுக்க ஆள் கிடைக்காததால் அந்த யோசனைக்குப் போனார்களாம். அவர்களுக்கு வந்த அந்தச் சங்கடத்தால்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு மொட்டைக் கார் கிடைத்தது.

கூரை ஏன் இறங்கியது?

1983ல் ஒருநாள் மாமா தாமே உட்கார்ந்து போல்ட்டுகளைக் கழற்றிக் கூரையை இறக்கிவிட்டார். ஊரே கூடிவிட்டது. "நல்லா இருந்த காரை இப்படிப் பண்ணிட்டாரே!" என்று ஆளாளுக்கு ஒரு பேச்சு. அத்தைதான் காரணத்தை எனக்குச் சொன்னார், கல்யாணமாகி நான் வந்து நாலைந்து வருஷம் கழித்து, கம்பு புடைத்துக்கொண்டே.

அத்தையின் கல்யாணம் 1968ல். அந்த வருஷம் வெள்ளாமை இல்லை. மேளம் கிடையாது, பந்தல் கிடையாது, ஊர்வலமும் கிடையாது. குலதெய்வம் கோயிலில் தாலி கட்டி, அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தார்களாம். புதுப்பெண் செருப்பில்லாமல் கரிசலில் நடந்து வந்தது மாமாவின் மனதில் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. "இனிமே இந்தச் சுத்துப்பட்டுல எந்தப் புள்ளையும் கல்யாணத்தன்னிக்கு நடந்து வரக்கூடாது" என்று சொல்லித்தான் கூரையை இறக்கினாராம்.

மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் என்பது நம் தமிழ்நாட்டில் ரொம்ப நாளைய வழக்கம்தானே! ஜானவாசம் என்று சொல்வார்கள் சிலர். பெட்ரோமாக்ஸ் விளக்கு, முன்னால் நாயனம், காரைச் சுற்றிப் பூச்சரம், நடுவில் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. பெண் யார் வீட்டுக்குப் போகிறாள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும், மாப்பிள்ளையை நாலு பேர் நன்றாகப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் கூரை இல்லாத கார். ஹெரால்டு என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கே, அரசர் வருவதை முன்னால் போய்ச் சொல்கிற கட்டியக்காரன் என்று அர்த்தமாம். பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

மாமா இந்த வழக்கத்தில் ஒரு திருத்தம் செய்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வண்டி வேண்டுமென்றால், தாலி கட்டியபின் பெண்ணும் அதே வண்டியில் உட்கார்ந்து புகுந்த வீடு போக வேண்டும். சம்மதம் என்றால்தான் வருவார். கட்டணம் பேசமாட்டார். வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பது எதுவானாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பதினோரு ரூபாயும் வந்ததுண்டு, வெறும் வெற்றிலை பாக்கோடு முடிந்ததும் உண்டு. காதுகுத்து, சடங்கு, தாய்மாமன் சீர் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் இந்தக் கார் நுழையாத தெரு அபூர்வம்.

குறைகள் இல்லாமலா?

ஐயோ, குறைகளைக் கேளுங்கள்! கூரையை எடுத்தபின் உடம்பு பிடிமானம் இல்லாமல் ஆடத் தொடங்கியது. குழியில் இறங்கினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதனால் இரண்டு கதவையும் உள்ளே ஒரு துண்டால் இழுத்துக் கட்டிவிடுவார் மாமா. மாப்பிள்ளைமார் கதவைத் தாண்டிக் குதித்துத்தான் ஏற வேண்டும். பட்டு வேட்டியோடு குதிப்பது சிரமம் என்பதால் ஒரு முக்காலியும் வண்டியிலேயே இருக்கும்.

ஊர்வலத்தில் நாயனக்காரர் நடக்கிற வேகத்தில்தான் கார் போக வேண்டும். காற்று முகத்தில் மோதினால்தானே ரேடியேட்டர் தண்ணீர் ஆறும்? நடை வேகத்தில் போனால் கொதித்துவிடும். எனவே பின்சீட்டுக்குக் கீழே ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் எப்போதும் தயார்.

மழைக்கு லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் சொல்லி ஒரு மேல்துணி தைத்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டாலும் ஒழுகும். ஆனால் ஒன்று சொல்கிறேன், எங்கள் ஊரில் கார் ஒழுகுகிறதென்று யாரும் கோபித்துக்கொண்டதே இல்லை. ஒரு ஐப்பசிக் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் தொப்பலாக நனைந்து வந்து இறங்கினார்கள். "மழையைக் கூட்டிட்டு வந்த மகராசி!" என்று அந்தப் பெண்ணுக்கு ஊரே திருஷ்டி கழித்தது. அவளை இன்றும் அப்படித்தான் சொல்கிறோம்.

ஒரு சமயம் பெண் வீட்டு வாசலுக்குக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றே போயிற்று. மாப்பிள்ளையே இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. எல்லாரும் முகம் சுளிக்க, மாமா அசராமல், "மாப்பிள்ளை எவ்வளவு பலசாலின்னு பொண்ணு வீட்டுக்காரங்க தெரிஞ்சுக்கிடட்டும்" என்றாராம். சிரிப்பில் எல்லாம் அடங்கிவிட்டது.

திருச்சுழியிலிருந்து ஒரு பிரயாணம்

என் பிறந்த ஊர் திருச்சுழிக்குப் பக்கம். 1999 வைகாசியில் கல்யாணம். எனக்கு இருபது வயது, பள்ளிப் படிப்பு முடித்து வீட்டில் இருந்தேன். திருச்சுழி திருமேனிநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு மாலை நாலரை மணிக்கு மொட்டைக் காரில் ஏறினோம். சுந்தரர் பாடிய ஸ்தலம் அது. பிரளய வெள்ளத்தை ஈசன் பூமிக்குள் சுழித்துப் போகச் செய்த இடமாம், அதனால் திருச்சுழி. பகவான் ரமணர் 1879 டிசம்பர் 30ல் பிறந்த வீடும் கோயிலுக்குப் பக்கத்தில்தான். வெள்ளத்தின் பெயரைச் சொல்லும் ஊரில், அன்று குண்டாறு மணலாகக் கிடந்தது.

அதுவரை பஸ் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்த சாலைதான். ஆனால் தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் போகும்போது அதே சாலை எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது! இருபுறமும் உழுது போட்ட கரிசல், வெயிலில் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. பனைமரங்கள் வரிசையாகப் பின்னால் போயின. கரிமூட்டப் புகை மணம், ஆட்டுக்கிடை மணம் எல்லாம் நேராக முகத்துக்கு வந்தன. அருப்புக்கோட்டையை நெருங்கியதும் தறிச் சத்தம். 1977ல் எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்த ஊரல்லவா, ஊர்வலம் என்றால் அங்கே ஜனங்களுக்கு உயிர். யாரென்றே தெரியாத பெண்கள் தறியை விட்டு வாசலுக்கு வந்து கை காட்டினார்கள். பூக்கடைக்காரர் ஒருவர் ஒரு பந்து மல்லிகையை என் மடியில் போட்டுவிட்டுக் காசு வேண்டாமென்று போய்விட்டார். முப்பது கிலோமீட்டர்கூட வராத தூரம். மூன்று தடவை தண்ணீர் ஊற்றி, ஒரு தடவை தள்ளி, பாலவனத்தம் வந்து சேர இருட்டிவிட்டது. அதுவரை நிமிர்ந்து நடந்தால்கூட "குனிஞ்சு நடடி" என்று திட்டு வாங்கியவள் நான். அன்று முப்பது கிலோமீட்டர் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் காரின் மேல் இருக்கிற பாசத்துக்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். பருத்தி எடுக்கப் போகிறவர்கள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், அவர்களில் பலருக்கு ஆயுசில் ஒரு நாள்தான் எல்லாரும் பார்க்க உயரே உட்கார்ந்து போகிற பாக்கியம். பேரன் பேத்தி எடுத்தவர்கள் இன்றும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, கதவைத் தடவிவிட்டுத்தான் போகிறார்கள்.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் மாமாதான். கோடையில் வற்றிய கண்மாய்தான் பள்ளிக்கூடம். "கண்மாய்க்குள்ள இடிக்கிறதுக்கு என்ன இருக்கு, தாயி? கருவேலஞ் செடிதான! தைரியமா விடு" என்பார். மருமகளைக் கார் ஓட்ட விடுகிறாரே என்று பேசினவர்களுக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

2011ல் மூட்டுவலி வந்து மாமா வண்டி எடுப்பதை நிறுத்தினார். 2017ல் காலமானார். காரின் ஆர்.சி.யும் காலாவதியாகிவிட்டது. கார் கொட்டகையிலேயே நின்றது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென்று புது விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்யலாம், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் வண்டி பழைய அசல் உருவத்தில் இருக்க வேண்டும். வாடகைக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ விடக் கூடாது. எங்கள் காரின் கூரையோ ஆட்டுக்குட்டிகளின் கூட்டுக்கு மேலே நாற்பது வருஷமாக நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது! அதை எடுத்து மாட்டினால் பதிவு கிடைக்கலாம். ஆனால் மாட்டிய பிறகு அது வேறு ஏதோ கார். மொட்டைக் கார் இல்லை.

இந்த நேரத்தில், சென்ற வருஷம், ஒரு பட்டணத்து ஹோட்டல்காரர் வந்து பார்த்தார். வாசலில் அழகுக்கு நிறுத்திவைக்க இரண்டரை லட்சம் தருகிறேன் என்றார். மகள் நர்சிங் மூன்றாம் வருஷம். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. இரண்டரை லட்சம் எங்களுக்குச் சின்னத் தொகையா? என் கணவர், "நிக்கிற வண்டிக்குப் பாசம் எதுக்கு? துருப்பிடிச்சு ஒண்ணுமில்லாமப் போறதுக்குள்ள குடுத்துருவோம்" என்றார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. குடும்பக் கணக்கு எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அத்தையைக் கேட்டோம். எழுபத்தைந்து வயது. பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "வித்துருங்க. புள்ள படிப்பு பெருசா, தகரம் பெருசா? குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் உக்காந்து பாத்துக்கிடுதேன்" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷத்தில் எத்தனையோ பெண்களை ஏற்றி இறக்கிய வண்டியில் அத்தை ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை! கல்யாண வீட்டுக்கு இவர் முன்னாடியே போய் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஆடு மாட்டைப் பார்க்க வேண்டும். "அது கல்யாணப் புள்ளைக ஏற வண்டி. எனக்கு எதுக்கு?" என்றும் இருந்துவிட்டார்.

பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து புது பேட்டரி மாட்டி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ஒருநாள் முழுக்கப் போராடிக் கிளப்பினார். ரோட்டில் எடுக்கக் கூடாதல்லவா? கொட்டகைக்குப் பின்னால் தரிசாகக் கிடக்கிற எங்கள் புஞ்சையிலேயே நான் ஓட்டினேன். முக்காலி போட்டு அத்தையை ஏற்றினோம். மகள் அருப்புக்கோட்டை மல்லிகை வாங்கி வந்து வைத்துவிட்டாள். ஆறு சுற்றுச் சுற்றினோம். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏழாவது சுற்றில் தண்ணீர் கொதித்து வண்டி நின்றது. "போதும் தாயி. அவுக இதத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தாக" என்று மட்டும் சொல்லி இறங்கினார்.

என் கணவர் அன்று ராத்திரியே ஹோட்டல்காரருக்குப் போன் செய்து, இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். அத்தை இருக்கிற வரை கார் இருக்கும். அதன் பிறகு கூரையை மாட்டி யாருக்காவது கொடுப்பதா, என்ன செய்வதென்பதை மகள் தீர்மானிக்கட்டும். மகள் படிப்புக்கு நகையை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறோம். கடனும் வட்டியும் இருக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. காருக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்வதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அது நான் பூக்கட்டிச் சம்பாதிக்கிற பணத்திலிருந்து.

பழைய வண்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து வண்டி ஏதாவது இருக்கலாம். அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

நிற்கிற வண்டியில் பெட்ரோலை வடித்துவிடுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். எலி கூடு கட்டினால் ஒயரைக் கடித்துவிடும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, உயிருக்கே ஆபத்து. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. நன்றாக ஆறவிட்ட பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

முந்தானை, துப்பட்டா விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை தேவை. இஸடோரா டங்கன் என்ற உலகப் புகழ் பெற்ற நடனக்காரி 1927ல் பிரான்ஸில் நீஸ் நகரத்தில் திறந்த காரில் போனபோது, கழுத்துத் துணி சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். முந்தானையைச் செருகச் சொல்லாமல் எந்தப் பெண்ணையும் மாமா வண்டியில் ஏற்றியதில்லை. இன்று பைக்கின் பின்னால் உட்காருகிறவர்களுக்கும் இது பொருந்தும். சேலைக் காப்புக் கம்பியை அழகில்லை என்று கழற்றிவிடாதீர்கள். திறந்த வண்டியில் குழந்தைகளை நிற்கவைத்துக்கொண்டு போகவே கூடாது, எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி.

எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால், விசாரித்துக்கொண்டு வந்து பாருங்கள். கல்யாணமான புதுப்பெண்கள் வந்து உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். காசு ஒன்றும் வேண்டாம். முக்காலி அங்கேயே இருக்கும். நீர்மோர் நான் தருகிறேன். போகும்போது அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், யார் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்!